திரும்பிச் செல்லும் வழி: தய்யிப் ஸாலிஹும் ப. சிங்காரமும்

ஸூடானிய எழுத்தாளர் தய்யிப் ஸாலிஹின் 'மவ்ஸிமுல் ஹிஜ்ரதி இலஷ் ஷிமால்' நாவலையும், நம் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யையும் ஒருசேர வைத்துப் படிக்கும் எண்ணம் வெறும் கால ஒற்றுமையால் எழுந்ததன்று. முன்னது 1966இல் பெய்ரூத்திலிருந்து வந்த 'ஹிவார்' இதழில் வெளியாயிற்று. பின்னது 1960களின் தொடக்கத்தில் எழுதப்பெற்று, பதிப்பிப்பார் இன்றிக் கிடந்து, 1972இல் அச்சேறியது. ஒருவரை ஒருவர் அறிந்திராத இவ்விருவரும் அயல் மண்ணில் வாழப் போன மனிதனைப் பற்றியே எழுதினர். அம்மனிதன் அங்கே தன் நிறத்தாலும் பிறப்பாலும் அளக்கப்படுகிறான். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்ற கேள்வி அவன் அடிமனத்தில் ஓயாது ஓடுகிறது. இரு நாவல்களையும் நம் விமர்சகர்கள் 'ஏக்கம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது வழக்கம். அப்படி அடக்குவது இரண்டுக்கும் இழைக்கப்படும் அநீதி என்பது என் கருத்து. ஏக்கத்தை எழுதியவர்கள் அல்லர் இவர்கள், ஏக்கத்தை விசாரித்தவர்கள்.

தலைப்பிலிருந்தே தொடங்கலாம். 1969இல் டெனிஸ் ஜான்சன் டேவிஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகவே நம்மவரிற் பலர் தய்யிப் ஸாலிஹை அறிவர். அம்மொழிபெயர்ப்பில் 'ஹிஜ்ரத்' என்னும் சொல் வெறும் இடப்பெயர்ச்சியாகச் சுருங்கிவிடுகிறது. அரபு வாசகனுக்கு அச்சொல்லில் மக்காவும் மதீனாவும் ஒலிக்கும். ஹிஜ்ரத் ஓர் இலட்சியத்திற்காக ஊரைத் துறப்பது. நாவலின் நாயகன் முஸ்தஃபா ஸயீதோ எந்த இலட்சியமும் இன்றி வடக்கே போகிறான். தலைப்பிலேயே ஒரு கசப்பான எள்ளல் இருக்கிறது. 'மவ்ஸிம்' என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. பருவம் என்று பொருள்படும் இந்த அரபுச் சொல்லே போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து 'மான்சூன்' ஆனது. மலாய் மொழியில் 'மூசிம்' என்று இன்றும் வழங்குகிறது. சோழமண்டலக் கரையின் மரக்கலங்களைப் பினாங்குக்கும் சுமத்ராவுக்கும் தள்ளிச் சென்ற காற்றுக்குப் பெயரும் அதுவே. ஸூடானியரின் தலைப்பு நம் கடற்கரைக்கும் பொருந்துவது தற்செயல்தான். ஆயினும் இனிய தற்செயல்.

முஸ்தஃபா ஸயீத் பிறந்தது 1898இல். ஆங்கிலப் படை ஸூடானை வென்ற ஆண்டும் அதுவே. கெய்ரோ வழியாக லண்டன் சேர்ந்து, இளம் வயதிலேயே பொருளாதார விரிவுரையாளன் ஆகிறான். லண்டன் அவனுடைய அறிவை மெச்சுகிறது. ஆனால் அவனைக் காணும்போதெல்லாம் காட்டையும் பாலைவனத்தையும்தான் காண்கிறது. அவன் அந்தப் பார்வையை எதிர்க்கவில்லை, விலைக்கு விற்கிறான். தன் அறையைச் சந்தனமும் சாம்பிராணியும் மணக்கும் ஒரு போலிக் கிழக்காக அலங்கரித்து, ஆப்பிரிக்காவைப் பற்றிப் பொய்க்கதைகள் புனைந்து, அவற்றை நம்ப ஆசைப்பட்ட பெண்களை வீழ்த்துகிறான். மூவர் தற்கொலை செய்துகொள்கின்றனர். மனைவி ஜீன் மோரிஸை அவனே கொல்கிறான். (இப்பகுதிகளில் அரபுக் கல்லூரியின் வகுப்பறையில் வாய்விட்டுப் படிக்க இயலாத பக்கங்கள் சில உண்டு. அதற்காக நாவலையே ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. அப்பக்கங்களில் இருப்பது காமத்தைக் காட்டிலும் வெறுப்பே.)

நாவலின் உச்சம் கொலைக் காட்சியில் இல்லை, நீதிமன்றக் காட்சியில் இருக்கிறது. அவனைத் தூக்கிலிருந்து காப்பாற்ற முனையும் பேராசிரியர், இக்குற்றம் ஒரு மனிதனுடையதன்று, இரு நாகரிகங்கள் மோதியதன் விளைவு என்று வாதிடுகிறார். பரிவோடு சொல்லப்படும் அவ்வாதத்தைக் கேட்கும் முஸ்தஃபாவுக்கு எழுந்து நின்று, தான் ஒரு பொய் என்று கத்தத் தோன்றுகிறது. நிறவெறியைப் பற்றி எழுதிய பலர் வசைபாடும் வெள்ளையனைக் காட்டுவதோடு நின்றுவிடுவர். தய்யிப் ஸாலிஹ் பரிவு காட்டும் வெள்ளையனையும் காட்டுகிறார். வசையும் பரிவும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: எதிரில் நிற்பவனைத் தனி மனிதனாகக் காண மறுக்கின்றன. ஏழாண்டுச் சிறைக்குப் பின் அலைந்து திரிந்து, முஸ்தஃபா நைல் வளைவில் உள்ள ஒரு சிற்றூரில் வந்து குடியேறுகிறான். நிலம் வாங்கி, மணம் முடித்து, ஊர்ப் பாசனக் குழுவில் பயனுள்ளவனாக வாழ்கிறான். ஆனால் அவன் வீட்டில் பூட்டிய அறை ஒன்று இருக்கிறது. அவன் மறைந்த பின் அதைத் திறந்தால் உள்ளே ஆங்கிலேயர் வீட்டுக் கணப்படுப்பும், சுவர் நிறைய ஆங்கில நூல்களும். அரபு நூல் ஒன்றுகூட இல்லை, குர்ஆனும் ஆங்கிலத்தில். திரும்பி வந்தவன் முழுதாகத் திரும்பவில்லை என்பதற்கு இதைவிடக் கூரிய படிமத்தை நவீன அரபு இலக்கியத்தில் நான் கண்டதில்லை.

கதைசொல்லியின் நிலை வேறு. ஏழாண்டுகள் ஐரோப்பாவில் ஆங்கிலக் கவிஞர் ஒருவரை ஆய்வு செய்து பட்டம் பெற்று வந்தவன் அவன். பாட்டனாரின் வீட்டு மணமும், பேரீச்சை மரமும், ஆற்றின் ஒலியும் தன்னை மீண்டும் வேர்கொள்ளச் செய்துவிட்டதாக நம்புகிறான். ஊர் அவனுக்குச் சுவர்க்கத்தின் சாயலாகத் தோன்றுகிறது. அந்தச் சுவர்க்கம்தான் முஸ்தஃபாவின் விதவை ஹுஸ்னாவை, அவள் மறுத்தும், எழுபது வயது கடந்த வத் ரய்யிஸுக்குக் கட்டாயமாக மணம் செய்து வைக்கிறது. அவள் அவனைக் கொன்று தானும் மடிகிறாள். ஊர் இரு உடல்களையும் புதைத்துவிட்டு அவளையே சபிக்கிறது. தடுத்திருக்கக்கூடிய கதைசொல்லி தடுக்கவில்லை. மணப்பெண்ணின் சம்மதத்தை ஷரீஅத் வலியுறுத்துகிறது என்று இங்கே நாம் எளிதாகச் சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அவ்வூரார் தொழுகை விடாதவர்கள் என்பதையும் நாவல் மறைக்கவில்லை. அயல் நாட்டில் பட்ட அவமதிப்புக்கு மருந்தாக ஊரைப் புனிதப்படுத்திக் கொண்டவன், ஊரின் அநீதியைக் காணும் கண்ணை இழந்துவிடுகிறான்.

திரும்புதல் பற்றிய இந்தச் சங்கடம் நம் ஃபிக்ஹு மரபுக்கும் புதிதன்று. 1491இல், கிரனாடா வீழ்வதற்குச் சில மாதங்கள் முன்பு, ஃபாஸ் நகரத்து மாலிகி அறிஞர் அல்-வன்ஷரீஸி 'அஸ்னல் மதாஜிர்' என்ற புகழ்பெற்ற ஃபத்வாவை எழுதினார். கிறித்தவர் கைப்பற்றிய நிலத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேறுவது கடமை என்பதற்கே அதை மேற்கோள் காட்டுவர். அந்த ஃபத்வாவுக்குக் காரணமான கேள்வியை மட்டும் யாரும் நினைவுகூர்வதில்லை. ஸ்பெயினை விட்டு ஹிஜ்ரத் செய்து மக்ரிபுக்கு வந்த அந்தலூஸிய முஸ்லிம்கள் சிலர், வந்த இடத்தில் பிழைப்பும் பாதுகாப்பும் இன்றி நொந்து, 'ஏன் வந்தோம்' என்று வெளிப்படையாகவே புலம்பி, காஸ்டீலுக்கே திரும்பிவிட எண்ணினர். அவர்களைப் பற்றியதே கேள்வி. வன்ஷரீஸி அவர்களைக் கடுமையாகக் கண்டித்தார். அவருடைய புலமையில் ஐயமில்லை. ஆயினும் முஸ்லிம் நாடு தன்னிடம் அடைக்கலம் தேடி வந்தவர்களை எப்படி நடத்திற்று என்ற கேள்விக்கு அந்த ஃபத்வாவில் வருந்தியோருக்கு ஆறுதலான விடை இல்லை. சட்டம் விட்ட இடத்தை இலக்கியம் எடுத்துக்கொள்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இனி சிங்காரம். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, மதுரையில் பள்ளிப் படிப்பு முடித்து, 1938இல் சுமத்ராவின் மெடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனவர். மனைவியையும் குழந்தையையும் அந்த மண்ணிலேயே பறிகொடுத்தவர். போர் முடிந்த பின், 1946இல் தாயகம் மீண்டு, மதுரை 'தினத்தந்தி'யில் நாற்பதாண்டுக் காலம் பணிபுரிந்து, ஒய்.எம்.சி.ஏ. விடுதியின் ஓர் அறையில் தனியராக வாழ்ந்து, 1997இல் காலமானார். திரும்பி வந்த ஒருவர் எழுதிய, திரும்பி வராதவனின் கதை 'புயலிலே ஒரு தோணி'. நாயகன் பாண்டியன் சுமத்ரா மண்ணிலேயே முடிந்துபோகிறான். முதல் நாவலான 'கடலுக்கு அப்பா'லின் செல்லையா பிழைத்துக்கொள்கிறான். ஆனால் மரகதத்தை இழக்கிறான்.

சிங்காரத்தின் மெடானில் வசைமொழி அதிகம் கேட்பதில்லை என்பதால், அங்கே நிறவேற்றுமை இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அது சட்டமாகவே இருந்தது. டச்சு இந்தியச் சட்டம் குடிமக்களை மூன்று படியாக வகுத்திருந்தது: ஐரோப்பியர், அயல் கீழைத்தேயத்தார், உள்நாட்டார். சீனரும் ஹள்ரமவ்த்திலிருந்து வந்த அரபியரும் தமிழரும் நடுப்படியில் ஒன்றாக அடைக்கப்பட்டனர். ஸய்யிதுமார் என்று நாம் கைகூப்பும் குடும்பங்களும் நம் வட்டிக்கடைப் பையன்களும் டச்சுக்காரன் ஏட்டில் ஒரே வகை! ஜப்பானியருக்கோ 1899 முதலே ஐரோப்பியத் தகுதி வழங்கப்பட்டிருந்தது. நாடு வலிமை பெற்றால் நிறமும் மாறிவிடும் போலும். 1942 மார்ச் 13இல் ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழையும் காட்சியையும், கொள்ளையடித்தோரின் தலைகள் வெட்டி வைக்கப்படும் கொடுமையையும் சிங்காரம் உணர்ச்சி கலவாத மொழியில் எழுதுகிறார். ஏட்டில் இருந்த படிக்கட்டு ஒரு நாளில் சரிகிறது. இடத்தில் வேறொரு படிக்கட்டு வந்து நிற்கிறது.

மெடானில் தமிழர் வாழ்ந்த பகுதிக்குக் 'கம்போங் கெலிங்' என்று பெயர். 'கெலிங்' என்பது கலிங்கத்திலிருந்து பிறந்த சொல் என்பர். பினாங்கில் 1801இல் காதர் முகைதீன் எழுப்பிய பள்ளிவாசலுக்குக் 'கப்பித்தான் கெலிங்' என்றே பெயர். அங்கே அது தலைவருக்குரிய பட்டம். அதே சொல் பின்னர் மலேசியத் தமிழரை இழித்துரைக்கும் வசையாகிவிட்டது. நம் சமுதாயத்தைச் சுட்டும் 'மாமாக்' என்ற சொல்லும் 'மாமா' என்னும் உறவுச்சொல்லிலிருந்து வந்து, இடத்திற்கேற்பப் பரிவாகவும் ஏளனமாகவும் ஒலிக்கிறது. வளைகுடாவில் நம் பிள்ளைகளைத் துப்புரவுக்கும் சுமைக்கும் அழைக்கும் சொல் 'ரஃபீக்'. தோழன் என்று பொருள். நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி மூச்சில் அர்-ரஃபீக் அல்-அஃலாவை நாடியதாக ஹதீஸில் வருகிறதே, அந்தச் சொல். அதை அரபு பேசும் ஒரு முஸ்லிம், பெயர் கேட்கவும் தேவையற்ற கூலியாளுக்கு வைத்திருக்கிறான். இழிபெயர் சூட்டி அழைப்பதைத் தடுக்கும் 'அல்-ஹுஜுராத்' அத்தியாயத்தை அவனும் ஓதுகிறான், நாமும் ஓதுகிறோம். நம் தமிழிலும் 'வந்தேறி' என்றொரு சொல் இருக்கிறது. யார் மேல் எறியப்படுகிறது என்பது அந்தந்தக் காலத்து அரசியலைப் பொறுத்தது.

பாண்டியனின் மதுரை நினைவுகளுக்கு வருவோம். போர்க்கால மலாயாவில் உட்கார்ந்துகொண்டு அவன் மதுரைத் தெருக்களையும் அவற்றின் இரவுகளையும் ஒவ்வொன்றாக நினைவில் நடந்து தீர்க்கும் பகுதி, தமிழ் உரைநடையின் செல்வங்களுள் ஒன்று. அலங்காநல்லூரிலிருந்து பேருந்தேறி அதே தெருக்களுக்குப் போய்வரும் என் போன்றோருக்கு அப்பகுதி தரும் கிளர்ச்சி தனி. ஆனால் அது பக்தி நிறைந்த நினைவன்று. நாணத்தக்கவற்றையும் சேர்த்தே நினைக்கிறான். தமிழ்ப் பழம்பெருமை பேசுவோரை அவன் கிண்டலடிக்கும் இடங்களை இதனோடு சேர்த்துப் படித்தால் சிங்காரத்தின் துணிவு விளங்கும். அயலான் உன்னை இழிவுபடுத்தும்போது 'எங்கள் முன்னோர் கடாரம் வென்றவர்' என்று மார்தட்டுவது எளிய மருந்து. அம்மருந்தைப் பாண்டியன் குடிக்க மறுக்கிறான். தய்யிப் ஸாலிஹின் கதைசொல்லி பாட்டனார் வீட்டின் மயக்கத்திலிருந்து விடுபட ஒரு பெண் சாக வேண்டியிருந்தது. பாண்டியன் தொடக்கத்திலிருந்தே மயங்காதவன். இந்த ஒரு வகையில் நம் எழுத்தாளர் ஸூடானியரைக் காட்டிலும் நேர்மையானவர் என்றே சொல்வேன்.

குறை இல்லாமலும் இல்லை. சிங்காரத்தின் தமிழர்கள் வட்டிக்கடைக்காரர்கள். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று அவர்களுக்குள் இருந்த படிவரிசையை அவர் நுட்பமாகத் தீட்டுகிறார். கடன் வாங்கிய மலாய் முஸ்லிம் குடியானவனின் பக்கத்திலிருந்து அந்தக் கடை எப்படித் தெரிந்தது என்பதை எழுதுவதில் அவர் அதே அக்கறை காட்டவில்லை. வட்டி ஹராம் என்று அறிந்த ஒருவன், வட்டி கொடுத்தே வாழ நேர்ந்த அவலத்தை யார் எழுதுவது? குடியேறியவன் மீது எழும் வெறுப்பு எல்லாம் இனவெறி மட்டுமன்று என்பதைப் பர்மா காட்டியது. 1930இல் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை, விலை வீழ்ச்சியில் கடன்கள் மூழ்கியதால், 1938இல் 25 விழுக்காடாயிற்று. அந்த ஆண்டு ஜூலை இறுதியில் ரங்கூனில் வெடித்த கலவரத்திலோ, பழைய நூல் ஒன்றின் மறுபதிப்பைச் சாக்காக வைத்து, கொல்லப்பட்டவரும் கடை எரிக்கப்பட்டவரும் பெரும்பாலும் முஸ்லிம்கள். நிலத்தை இழந்தவனின் கோபம் நிலம் எடுத்தவனைத் தேடிப் போகவில்லை. கைக்கெட்டிய அயலானைத் தேடிற்று. கோபத்திற்குக் காரணம் இருந்தது என்பதால் அந்தக் கொலைகள் நியாயமாகிவிடா. ஆயினும் காரணத்தையே காணாத புலம்பெயர் இலக்கியம் பாதி உண்மையைத்தான் சொல்லும்.

இவ்விடத்தில் பிலால் (ரலி) அவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மதீனா வந்த புதிதில் காய்ச்சலில் கிடந்த அவர் குரலெடுத்துப் பாடியதாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. மக்காப் பள்ளத்தாக்கின் இத்கிர் புல்லையும் ஜலீலையும், மஜன்னாவின் நீரையும், ஷாமா, தஃபீல் குன்றுகளையும் இன்னொரு முறை காண மாட்டோமா என்று ஏங்குகிறார். ஹபஷ வம்சத்தவர், கறுப்பர், அந்த மக்காவின் சுடுமணலில்தான் கிடத்தி வதைக்கப்பட்டவர். ஏங்கிய அதே மூச்சில், தம்மை ஊரைவிட்டு விரட்டிய உமய்யா இப்னு கலஃப் முதலிய தலைவர்களைப் பெயர் சொல்லிச் சபிக்கவும் செய்கிறார். ஊரின் புல்லை நேசிப்பதற்காக ஊராரின் கொடுமையை அவர் மறக்கவில்லை. கொடுமைக்காகப் புல்லை வெறுக்கவும் இல்லை. நபியவர்கள் அந்த ஏக்கத்தைக் கண்டிக்கவில்லை; மக்காவைப் போல, அல்லது அதனினும் மேலாக, மதீனாவை எங்களுக்குப் பிரியமானதாக்குவாயாக என்று இறைஞ்சினார்கள். மக்கா வெற்றிக்குப் பின், கதவு திறந்து கிடந்தபோதும், முஹாஜிர்கள் அங்கே குடியேறவில்லை. ஹஜ்ஜுக் கடமை முடித்த முஹாஜிர் மக்காவில் மூன்று நாட்களே தங்கலாம் என்று ஹதீஸ் வரையறுக்கிறது. ஊருக்குப் போகலாம், ஊரை நேசிக்கலாம், ஆனால் நீ மதீனத்தவன். பிறந்த ஊரைச் சொந்தம் கொண்டாடுவதற்கு அங்கே திரும்பிக் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை நம் மரபில் இல்லை என்பதை மிம்பர்களில் பேசுவோர் கவனிக்க வேண்டும்.

இக்கேள்வி இன்று ஏட்டுக் கேள்வியன்று. 2024 ஜூலை இறுதியில் இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் சிறுமியர் மூவர் கொல்லப்பட்டபோது, கொன்றவன் அண்மையில் வந்த முஸ்லிம் குடியேறி என்ற பொய்ச்செய்தி பரவி, அடுத்த மாலையே அவ்வூர்ப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பின்வந்த நாட்களில் கலவரம் பல நகரங்களுக்குப் பரவியது. அங்கு வாழும் நம்மவர் குடும்பங்களில் 'போதும், ஊருக்கே போய்விடலாம்' என்ற பேச்சு எழாமல் இருக்குமா? ஊரில் இருக்கும் பெரியவர்களும் 'வந்துவிடு' என்றே சொல்வர். அப்படிச் சொல்லும் நாம், அவர்கள் நீங்கிய ஊர் இன்னும் அப்படியே இருப்பதாக ஒரு சித்திரத்தைக் காட்டித்தானே அழைக்கிறோம்? இங்கேயும் வாடகைக்கு வீடு கேட்கும் நம் இளைஞனிடம் பெயரைக் கேட்ட பின் வீடு இல்லை என்கிறார்கள். பாகிஸ்தானுக்குப் போ என்பவனுக்கும் இங்கே பஞ்சமில்லை. லண்டனில் கேட்ட வசைக்கு அஞ்சி வருபவன் இங்கே வேறு மொழியில் அதையே கேட்க நேரலாம். இதைச் சொல்வது வராதே என்று தடுப்பதற்காக அன்று. தய்யிப் ஸாலிஹின் கதைசொல்லியைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு வந்து, பிறகு ஊரின் குறைகளுக்கு ஊமையாகிவிடக் கூடாது என்பதற்காகவே.

'திரும்புதல்' என்ற சொல்லிலேயே ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்க இசைந்தது. வந்தவர்களை அரசு 'தாயகம் திரும்பியோர்' என்று பதிவு செய்தது. அவருள் மிகப் பலர் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் பிறந்தவர்கள். இந்திய மண்ணை முதன்முறையாக மிதித்தவர்கள். நீலகிரியில் அவர்களுக்கு ஊரார் வைத்த பெயர் 'சிலோன்காரர்'. பெற்றோருக்குத் திரும்புதலாக இருப்பது பிள்ளைகளுக்குப் புதிய ஹிஜ்ரத்.

தய்யிப் ஸாலிஹின் நாவலைப் பற்றி அரபியில் நூல்கள் பல வந்துவிட்டன. முஸ்தஃபாவைப் பற்றியும், ஹுஸ்னாவைப் பற்றியும், நைல் நடுவே வடக்குமின்றித் தெற்குமின்றி உதவி கேட்டுக் கத்தும் கதைசொல்லியின் இறுதிக் காட்சியைப் பற்றியுமே அவை பெரிதும் பேசுகின்றன. முஸ்தஃபாவுக்கு இரு புதல்வர்கள் உண்டு. ஊர்விட்டு ஊர் அலையும் தன் வியாதி அவர்களுக்குத் தொற்றாமல் காக்குமாறு கதைசொல்லிக்குக் கடிதம் எழுதி, பூட்டிய அறையின் சாவியையும் அவனிடமே ஒப்படைத்துவிட்டுப் போகிறான் தகப்பன். பிறகு தாயும் போகிறாள். அவ்விருவரும் அந்த ஊரில் தங்க விரும்பினார்களா, வடக்கே போக விரும்பினார்களா என்று நாவலில் யாரும் அவர்களைக் கேட்பதில்லை.